மெஷின் அங்கிள்

“மேல போ!” என்று கத்துகிறான் எதிர் பிளாக் சர்தார்ஜியின் பையன். பாயில் சம்மணம் போட்டு, பச்சை க்ரேயானைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஜோதிலிங்கம் அசையவில்லை. “ஊப்பர், அங்கிள், ஊப்பர்!” இந்தியில் சொன்னாலும் அதே கதைதான். குரங்குக் குல்லாவுக்குள் அவர் கண்ணாவது இமைக்கிறதா என்று சந்தேகம் வந்து, ஒரு வாண்டு கிட்டே போய் அவர் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறது. பலனில்லை. கடைசியில் மூலையிலிருந்து இன்னொரு வாண்டு, “ரெண்டு கட்டம் மேல போ, அப்புறம் பச்ச அடி!” என்கிறது. உடனே அந்தக் கைக்கு உயிர் வருகிறது. தாளில் இரண்டு கட்டம் மேலே போய், ஓரம் தாண்டாமல் பச்சை அடித்துவிட்டு, மறுபடியும் அப்படியே நின்றுவிடுகிறது.

ஆர்.கே.புரத்தில் தரைத்தளத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன்னறையில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தினமும் நடக்கிற கூத்து இது. ஜோதிலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. நல்ல ஆகிருதி, அதற்கேற்ற மீசை. போலீஸ்காரர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வேலை என்னவோ அரசாங்கக் கம்ப்யூட்டர் மையம் ஒன்றில் புரோகிராமர். காலை ஷிஃப்ட். இரண்டாயிரம் பிறந்ததும் மெஷின்களுக்கெல்லாம் வருஷம் குழம்பிப் போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. மத்தியானம் இரண்டு மணி வரை அந்த வருஷக் கணக்கைச் சரிபண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால், வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கியிருக்கும். எல்லாம் உள்ளங்கை அளவுச் செருப்புகள்.

ஆரம்பம் தற்செயலானது. வெள்ளைத்தாள் கேட்டு வந்தான் சர்தார்ஜி பையன். ஜோதிலிங்கம் வீட்டில் தாளுக்குப் பஞ்சமே இல்லை. ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் பேப்பர், இரண்டு ஓரத்திலும் துளை வரிசையோடு மடிப்பு மடிப்பாக நீண்டுகொண்டே போவது, கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். குப்பைக்குப் போகிற காகிதம்தான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் முறைப்படி கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே கொண்டுவருவார். “லிங்கம் சாப், கூடாவுக்கும் பாஸா?” என்று அந்தக் குப்பையைக் காட்டிக் காவலாளி சிரிப்பான். பாஸை நீட்டிக்கொண்டே இவரும் சிரிப்பார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார். பையனுக்கு என்ன வரைவதென்று தெரியவில்லை. “நீ சொல்லு, நான் அடிக்கேன்” என்றார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

கட்டத்துக்குள் கணக்கும் மெல்ல நுழைந்தது. ஒன்று என்றால் சிவப்பு, இரண்டு மஞ்சள், மூன்று பச்சை, நாலு நீலம். ஒரு கட்டத்தில் ஒன்றும் இரண்டும் எழுதி நடுவே கூட்டல் குறி போட்டிருக்கும். விரல் மடக்கி எண்ணிப் பார்த்துப் பச்சையை எடுக்க வேண்டும். ‘சிவப்பு, மஞ்சள், இதையே நாலு தடவை’ என்று சொல்லத் தெரிந்துவிட்டால் ஒரு பூமாலையே தாளில் வந்து உட்கார்ந்துவிடும். புள்ளி வைத்த கட்டமாக இருந்தால் நீலம், இல்லாவிட்டால் மஞ்சள். சட்டப்படி அடித்து முடித்ததும் பார்த்தால் மஞ்சள் வயலுக்கு நடுவே ஒரு நீல மீன் நீந்திக்கொண்டிருக்கும். நாலரை வயசும் ஐந்து வயசுமான அந்தக் கும்பலுக்கு இது கணக்கு என்றோ, ஜோதிலிங்கம் காலையில் சம்பளத்துக்குச் செய்துவிட்டு வந்த வேலையும் கிட்டத்தட்ட இதுதான் என்றோ தெரியாது. அவரும் சொன்னதில்லை.

பெற்றோர்கள் மட்டும் எங்கேயோ மோப்பம் பிடித்துவிடுவார்கள். “பசங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றீங்களாமே? எங்க சார் வெச்சிருக்கீங்க?” என்று அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவார்கள். ஒரு டிவி, ஒரு ரூம் ஹீட்டர், முருகன் படம் போட்ட காலண்டர், இவ்வளவுதான் இருக்கும். “நாந்தான்” என்பார் ஜோதிலிங்கம் நெஞ்சைத் தொட்டு. சிலர் சிரிப்பார்கள். சிலர் மறுநாளிலிருந்து பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

‘தப்பு’ என்ற வார்த்தை அந்த அறையில் புழங்காது. கிளிக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு முளைத்து நிற்கும். பிள்ளை முகம் சுருங்கும். “ஒண்ணும் ஆயிரல. எங்கன வழுக்குச்சுன்னு பாப்போம்” என்று, அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்து முதல் கட்டத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டமாக நடத்திக்கொண்டு போவார். வழுக்கின இடம் வந்ததும் பிள்ளையே ‘ஹை!’ என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மனிதர் காத்துக்கொண்டிருப்பார்.

மனைவி ராஜிக்கு இதில் பெருமையும் உண்டு, பொருமலும் உண்டு. ஸ்டெனோ வேலை முடிந்து ஆறரைக்கு வீடு திரும்பினால் பாயெல்லாம் க்ரேயான் தூள். போதாக்குறைக்கு, மெஷினாக இருந்து இருந்து மனிதருக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. “குக்கர்ல மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க” என்று சொல்லிவிட்டு ஒருநாள் குளிக்கப் போனாள். வந்து திறந்தால் பருப்பு பருப்பாகவே கிடக்கிறது. மூன்றில் ஒன்று மாடி வீட்டுக் குக்கருடையது. “எந்தக் குக்கர்னு நீ சொல்லலியே” என்றாராம். “மெஷின் தானா சாப்பிடுமா, இல்ல அதுக்கும் யாராச்சும் ஆர்டர் போடணுமா?” என்று அன்றிலிருந்து தட்டு வைக்கும்போதெல்லாம் கேட்கிறாள்.

விசில் அடித்த அந்த மாடி வீடு குழந்தைசாமியுடையது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஒரு அமைச்சகத்தில் உதவியாளர். மனைவி அம்சவேணி. ஒரே பெண் பிரியதர்ஷினி, நாலரை வயசு, இரட்டைக் குடுமி, அதிகம் பேசாது. ஜோதிலிங்கம் திருநெல்வேலி வழக்கத்தில் அவளை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டதைக் கேட்டு முதலில் அம்சவேணிக்குச் சுருக்கென்றது. பிறகு அதில் உள்ள செல்லம் புரிந்து பழகிப்போயிற்று.

விளையாட்டில் பாதிநேரம் பிள்ளைகளில் ஒருவர் மெஷினாக இருக்க வேண்டும், மற்றவர்கள் உத்தரவு போட வேண்டும். மெஷினாக இருக்க ஒரு வாண்டுக்கும் பிடிக்காது. கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார யாருக்குப் பொறுமை இருக்கிறது? பிரியதர்ஷினிக்கு இருந்தது. மடியில் கை வைத்து உட்கார்ந்தாளானால் கொசு கடித்தால்கூட அசையமாட்டாள். சொல் முழுசாக வந்தால்தான் நகர்வாள், வந்ததை மட்டும்தான் செய்வாள். “முழுசா சொன்னாத்தான் மெஷின் நகரும்” என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை அவரைவிட அவள் நன்றாகக் காப்பாற்றினாள். “அந்தப் புள்ள எங்க ஆபீஸ் மெஷினுக்கு மேல, கேட்டியா” என்று ராஜியிடம் பூரித்துப் போவார்.

அந்த ஜனவரியில் அவளுக்குப் பள்ளிக்கூட இன்டர்வியூ வந்தது. டெல்லியில் கே.ஜி. வகுப்பில் ஓர் இடம் வாங்குவதென்றால் லேசுப்பட்ட காரியமா? பிள்ளைக்குப் பரீட்சை, பெற்றவர்களுக்கும் பரீட்சை. அம்சவேணி மலை மந்திர் முருகனிடம் சொல்லி வைத்தாள். குழந்தைசாமி, நடந்து போகிற தூரத்தில் உள்ள பள்ளி என்பதால் இதற்குத்தான் ஆசைப்பட்டார். ‘கலரும் நம்பரும்தான் கேப்பாங்களாம், அதுல நம்ம புள்ளைய அடிச்சுக்க ஆளில்லீங்க’ என்று தெம்பாகத்தான் போனார்கள்.

போன இடத்தில் டீச்சர் பலூன் படம் போட்ட தாளைக் கொடுத்து, எத்தனை பலூன் என்று கேட்டாள். பிரியதர்ஷினி டக்கென்று சொல்லிவிட்டாள். பெற்றவர்களுக்கு மூச்சு வந்தது. அடுத்ததாக டீச்சர் க்ரேயான் டப்பாவைத் திறந்து வைத்து, “பேட்டா, இதுக்குக் கலர் அடி” என்றாள். பிரியதர்ஷினி மடியில் கையை வைத்துக்கொண்டாள். டீச்சர் மறுபடி சொன்னாள். பிள்ளை அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்பா கண்ணால் ஜாடை காட்டினார், அம்மா உதட்டைக் கடித்தாள். ஊஹூம். பொறுத்துப் பார்த்த டீச்சர் ஏதோ குறித்துக்கொண்டு, “சொன்னது பிள்ளைக்குப் புரியவில்லை போலிருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுந்துவிட்டாள். இடம் கிடைக்கவில்லை.

“ஏன் அம்மிணி கலர் அடிக்கல?” என்று வீட்டுக்கு வந்து மெதுவாகத்தான் கேட்டார் குழந்தைசாமி.

“எந்தப் பலூன்னு மிஸ் சொல்லவே இல்லப்பா. என்ன கலருன்னும் சொல்லல.”

அன்று சாயங்காலம் குழந்தைசாமி கீழே இறங்கி வந்து, உள்ளே நுழையாமல் நிலைப்படியிலேயே நின்றார். கத்துகிற ஆள் இல்லை அவர். நடந்ததைச் சொன்னார். “தப்பா நினைச்சுக்காதீங்க சார். நீங்க தங்கமான மனுசன். ஆனா எம்புள்ளைய மெஷின் பண்ணிப்போட்டீங்களே” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

ஜோதிலிங்கத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ‘முழுசா சொல்லலைன்னா…’ என்று ஏதோ வாய்வரைக்கும் வந்தது, நல்லவேளை, சொல்லவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, மரியாதையாகப் புன்னகை செய்துகொண்டு உட்கார்ந்திருந்த அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. தட்டை வைத்த ராஜி வழக்கமான கேலியை அன்று கேட்கவில்லை. “பெத்தவங்களுக்கு வயித்தெரிச்சல் இருக்கத்தானே செய்யும். மேல போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க” என்றாள்.

“என்னன்னு பேச?”

“அதையும் நான் சொல்லணுமாக்கும்.”

பிரியதர்ஷினி மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு பள்ளிதான் பாக்கி. அங்கேயும் விட்டால் அந்த வருஷம் போச்சு. மற்ற வாண்டுகள் வந்து கத்தின. ஜோதிலிங்கமும் பச்சையும் மஞ்சளும் அடித்தார். ஆனால் மெஷினுக்கு மனசு வேறெங்கோ இருக்கிறதென்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிட்டது.

காலையில் பனிமூட்டத்துக்குள் ஊர்ந்து போகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, தன் விரலைத் தானே பிடித்து முதல் கட்டத்திலிருந்து நடத்திப் பார்த்தார். எங்கே வழுக்கியது? சட்டத்திலா? சட்டம் சரிதான், இதே சட்டத்தில்தானே மற்றதுகளும் விளையாடுகின்றன. அந்தக் குட்டிகள் யாராவது பலூன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருமா? டப்பாவையே கவிழ்த்திருக்குமே! அப்படியானால் இவள் மட்டும் ஏன்? பஸ் மோதி பாக் பக்கம் சிக்னலில் நின்றிருந்தபோது அது பிடிபட்டது. மற்றவர்கள் உத்தரவு போட முண்டியடிப்பார்கள். பிரியதர்ஷினி ஒதுங்கி உட்காருவாள். நல்ல மெஷின் கிடைத்த சந்தோஷத்தில் அவரும் அவளையே உட்காரவைத்துவிடுவார். சொல்கிற பக்கத்துக்கு அவளை அவர் ஒரு தடவையாவது அனுப்பியதுண்டா? அவள் சொல்லி அவர் ஒரு கட்டமாவது நகர்ந்ததுண்டா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. விளையாட்டில் பாதியைத்தான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தார், அதுவும் சுவாரசியமில்லாத பாதியை. பாவி மனுசன், என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்று மாலை தாளையும் க்ரேயான் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். “வாங்கண்ணா” என்றாள் அம்சவேணி, பழைய சிரிப்பு இல்லாமல். குழந்தைசாமி நாற்காலியைக் காட்டினார். இவர் உட்காரவில்லை. “உங்க முன்னாலதான். ஒரு பத்து நிமிசம். வேண்டாம்னா போயிருதேன்” என்றார். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் பிரியதர்ஷினி உள்ளேயிருந்து ஓடிவந்துவிட்டாள்.

தரையில் தாளை விரித்தார். க்ரேயான் டப்பாவைத் திறந்து வைத்தார். கை கட்டி, கண்ணை நிலைகுத்தி, மெஷினாகிவிட்டார். பிரியதர்ஷினி எதிரே வந்து உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு அவளும் மெஷினாகிவிட்டாள்.

ஒரு தாளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெஷின். ஒன்றுக்கு மீசை, ஒன்றுக்கு இரட்டைக் குடுமி. இரண்டும் உத்தரவுக்குக் காத்திருந்தன. அம்சவேணி கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்தது. ஜோதிலிங்கத்துக்கு முழங்கால் விண்விண்ணென்றது. முதல் வார்த்தையை எடுத்துக் கொடுக்கலாமா என்று தவித்தார். கொடுத்தால் அது அவர் சொன்னதாகிவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

“அங்கிள், நாந்தான் மெஷின்” என்றாள் கடைசியில், ரகசியம் போல.

அசைவில்லை.

“நீங்க சொல்லணும். நா செய்யணும்.”

அதற்கும் அசைவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். உதடு லேசாகப் பிதுங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “லால் எடுங்க” என்றாள்.

மெஷின் சிவப்பை எடுத்தது. அவள் முகத்தில் ஒரு திகைப்பு. தன் வார்த்தைக்கு இவ்வளவு பெரிய கை நகரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“அங்க அடிங்க.”

மெஷின் சும்மா இருந்தது.

“அங்க! அந்தப் பக்கம்! மேல! அய்யோ, ஜல்தி அடிங்க அங்கிள்!” குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அந்தப் பெண்ணுக்கு இப்படியொரு குரல் இருப்பதை அவளைப் பெற்றவர்களே அன்றுதான் கேட்டார்கள். “தேகோ, இங்க பாருங்க, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நானே அடிக்கறேன்!” என்று அவர் கையிலிருந்து க்ரேயானைப் பிடுங்கி, குப்புறப் படுத்துக்கொண்டு, கட்டமாவது ஒன்றாவது, கோடுகளையெல்லாம் மிதித்துத் தள்ளித் தாள் முழுக்கச் சிவப்பாக அடித்தாள். ஓரத்துத் துளைகள் வழியாகத் தரையிலும் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. அம்சவேணி தடுக்கப் போனாள். “இருக்கட்டும்மா, அடிக்கட்டும்” என்றார் ஜோதிலிங்கம். மீசைக்குள் சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

அதற்குப் பிறகு கீழே பாயில் அவள்தான் அதிகாரி. சர்தார்ஜி பையனோடு இரண்டு சண்டைகூட வந்துவிட்டது.

இரண்டாவது பள்ளியின் இன்டர்வியூ நடந்து முடிந்தும் குழந்தைசாமி வாயைத் திறக்கவில்லை. படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். ஜோதிலிங்கத்துக்குக் கேட்கவும் பயம். இந்தத் தடவை பிள்ளை டீச்சரிடமே சண்டை போட்டுவிட்டதோ என்னவோ! ஒரு சனிக்கிழமை, வாண்டுகள் நிறைந்திருக்கிற நேரத்தில், குழந்தைசாமி பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மூச்சு இரைத்தது.

“கிடைச்சிருச்சுங்க சார். இப்பத்தான் போர்டுல பாத்துட்டு வரேனுங்க. அன்னைக்கே சொல்லியிருப்பேன், கெடுத்துப்போட்டாளோன்னு பயந்துட்டு கம்முனு இருந்துட்டேன். அங்கீம் அதே மாதிரிதானுங்க. வீடு ஒண்ணு போட்ட படம். கலர் அடின்னாங்க. இவ, எந்தக் கலருங்க மிஸ்ஸுன்னு கேட்டா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. உனக்குப் புடிச்சதுன்னாங்க அந்தம்மா. கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் சேப்ப எடுத்துக் கூரைக்கு அடிச்சா. அடிச்சுட்டுச் சும்மா இருந்தாளா? நீலத்தை எடுத்து மிஸ்ஸு கையில குடுத்து, நீங்க கதவுக்கு அடிங்க, கோட்டுக்கு வெளிய போகக் கூடாதுன்னுட்டா!”

“டீச்சர்?” என்றார் ஜோதிலிங்கம்.

“அடிச்சாங்க சார்! வெளிய போகாம அடிச்சாங்க!”

அறை முழுக்க வாண்டுகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டின. குழந்தைசாமி இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜோதிலிங்கத்தின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்தபடி பிரியதர்ஷினியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்து மீசை வரைக்கும் வந்துவிட்டது.

பிரியதர்ஷினி அப்பாவின் கையை உதறிவிட்டு முன்னால் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

“அங்கிள், கண்ணத் தொடைங்க.”

ஜோதிலிங்கம் மப்ளர் நுனியை எடுத்து ஒரு கண்ணைத் துடைத்தார். அடுத்த கண்ணுக்கு அவள் சொல்லட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார்.